அவிழ்க்காத கட்டு

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் பெரியவனுக்கு ‘மிச்சம்’ என்று பட்டப்பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். டீ குடித்தால் அடியில் ஒரு வாய் விட்டுவைப்பான். சோப்பு தேய்ந்து காகிதம் போலானாலும் எறியமாட்டான், புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பான். வயர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு முழம் போதும் என்கிற இடத்தில் இரண்டு முழம் விடுவான். வெட்டச் சொன்னால், தன் விரலை வெட்டச் சொன்னதுபோல ஏறிட்டுப் பார்ப்பான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உயரமான கட்டடத்தில் மேலிருந்து அடித்தளம் வரை வயர் இழுத்தான். கடைசியில் ஒரு சாண் குறைந்துபோயிற்று. மேஸ்திரி மொத்தத்தையும் உருவி மறுபடி இழுக்கவைத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து சோறு பிசைய முடியாமல் வந்து உட்கார்ந்தான். “கூடினா சுருட்டி வெச்சுக்கலாம். குறைஞ்சா அழத்தான் முடியும்” என்று அன்றைக்குத் தன் வாயால் சொன்னதை அவன் பிறகு விடவே இல்லை.

அவன் தம்பி சின்னவன் இதற்கு நேர்மாறு. கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை. அளப்பான், அறுப்பான், ஒட்டுவான், அடுத்ததைத் தூக்குவான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கும் எப்படித்தான் இப்படி ஒரு வித்தியாசமோ! ஆனாலும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு ஒரே வீட்டில் முன்கட்டில் பெரியவனும் அவன் மனைவியும், பின்கட்டில் சின்னவன். பெரியவனின் மனைவி தையற்காரி. பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே அடுப்பில்தான்.

கார் கட்டலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதற்கு இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். நல்ல சண்டை அது. ஓடாமல் கிடந்த ஒரு பழைய வேனின் என்ஜின் சல்லிசாகக் கிடைத்தது. அதைப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். சட்டமும் உடம்பும் சின்னவன் பொறுப்பு. கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் பெரியவன் பொறுப்பு. வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவாமலே கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தமும் சிரிப்பும் வந்துகொண்டே இருக்கும். தையற்காரி இரண்டு தட்டையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, “இந்த வண்டியையே பொண்டாட்டியாக் கட்டி வெச்சிருக்கலாம் உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா” என்று தலையில் அடித்துக்கொண்டு வருவாள்.

வண்டியின் முகத்துக்குச் சின்னவன் ஒரு கிரில் செய்தான். கம்பியைச் சூடு காட்டி, அலை அலையாக வளைத்து, இரண்டு முனையையும் லேசாக மேலே தூக்கிவிட்டிருந்தான். அதை மாட்டியதும் வண்டி சிரித்தது. சத்தியமாகச் சிரித்தது. தெருவில் போகிறவர்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். பட்டறையில் காசுக்குச் செய்த எந்தக் கிரில்லுக்கும் அவன் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

பெரியவனின் பங்கோ முடிகிற மாதிரி இல்லை. பேட்டரியை முன்னால் வைப்பதா, பின்சீட்டுக்கு அடியில் வைப்பதா என்று அவனுக்கு முடிவாகவில்லை. அதனால் எல்லா வயரையும் இரண்டு இடத்துக்கும் எட்டுகிற மாதிரி விட்டுவைத்தான். விளக்கு மாறலாம் என்று அதற்குக் கொஞ்சம், சுவிட்ச் இடம் மாறலாம் என்று அதற்குக் கொஞ்சம். டேஷ்போர்டுக்கு அடியில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய தாடி தொங்கியது.

“அண்ணா, வண்டியை சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு ஷேவ் பண்ணிட்டு வந்துடலாமா?” என்பான் சின்னவன்.

“சிரிடா, சிரி. நாளைக்குப் பேட்டரி பின்னாடி போச்சுன்னா அப்ப வந்து என் கால்ல விழுவ.”

“என் மெஷினுக்கு அடியில கூட இவ்வளவு நூல் கிடக்காது” என்பாள் தையற்காரி. “தையலுக்கு விடுறது ஒரு விரக்கடை. நீங்க ஒரு பாவாடைக்குப் பந்தல் துணியே விடுறீங்க.”

வண்டியைச் சோதிக்க அதிகாரி வந்தார். வெளியே சுற்றிப் பார்த்தவர் கிரில்லைக் கண்டு புன்னகைத்தார். உள்ளே குனிந்தார். புன்னகை போய்விட்டது.

“என்னய்யா இது, குருவிக்கூடா? இது போய் ஸ்டீயரிங் தண்டுல சுத்திக்கிச்சுன்னா? தகர முனையில உரசித் தோல் கிழிஞ்சா வண்டியே பத்திக்கும். மிச்ச வயரை ஒழுங்கு பண்ணிக் கட்டி வை. அப்புறம் கூப்பிடு.”

வேறு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாள் நெருங்க நெருங்கப் பெரியவன் கொட்டகைக்குள் போவான், அந்த வயர்த் தாடியைத் தடவுவான், பெருமூச்சு விடுவான், திரும்பி வருவான். எதை வெட்டுவது என்று கை ஓடவில்லை. சோதனைக்கு முந்தின நாள் காலையில் எங்கேயோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கம்பெனி கூப்பிட, “சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்” என்று கிளம்பிவிட்டான். தையற்காரியும் சீருடை மூட்டையோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். சின்னவன் அன்றைக்குப் பட்டறைக்கு லீவு போட்டான். அண்ணன் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

பெரியவன் பொழுது சாய்கிற நேரத்தில் வந்தான். நாள் முழுக்கக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் நின்று வந்த எரிச்சல். கொட்டகைக்குள் நுழைந்தால் தாடியைக் காணவில்லை. டேஷ்போர்டின் அடிப்பலகை வழுவழுவென்று மூடி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ இறுக்கியிருந்தது. கீழே தரையில் கட்டிங் பிளையர் கிடந்தது. அதைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வயர்த் துண்டுகள் சிதறிக் கிடந்தன.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

“யார்டா வெட்டச் சொன்னது உன்னை?”

சின்னவன் சிரித்த முகத்தோடுதான் திரும்பினான். “அண்ணா, திறந்து பாரு.”

“பாக்க என்னடா இருக்கு? தரையிலதான் கிடக்குதே! இரும்பு ஒட்டுறவனுக்கு வயரைப் பத்தி என்ன தெரியும்? நான் எதுக்கு எவ்வளவு விட்டேன்னு உனக்குத் தெரியுமா?”

“நாலு ஸ்க்ரூதான். திறந்து பாத்துட்டு அப்புறம் திட்டு.”

“நீ கை வெச்சதை நான் தொடமாட்டேன். எவனைக் கேட்டு என் வண்டியில கை வெச்ச? இது என் வண்டி. என் வீடு.”

‘என் வண்டி’ என்றது வரைக்கும் சின்னவனின் முகம் தாங்கிக்கொண்டது. கடைசி வார்த்தைக்கு அது வெளிறிப்போயிற்று. வீடு இரண்டு பேருக்கும் பொது. அது பெரியவனுக்கும் தெரியும். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள். புரண்டது உள்ளே திரும்புவதில்லை. சின்னவன் பிளையரை எடுத்துத் துடைத்து அண்ணனின் பெட்டியில் வைத்தான். தரையில் கிடந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அதே பெட்டியில் போட்டான். புதுத் துணி மூட்டையும் கையுமாக அப்போதுதான் உள்ளே வந்த அண்ணியிடம், “சாப்பாடு வேண்டாம் அண்ணி” என்று மட்டும் சொன்னான். அந்த வாரமே ஊரின் மறுகோடியில் ஒரு பட்டறையையும் அதற்கு மேலே ஓர் அறையையும் பிடித்துப் போய்விட்டான்.

மறுநாள் வந்த அதிகாரி டார்ச்சை அடித்து, தரையில் மல்லாந்து படுத்து, பலகையின் இடுக்கு வழியாகக் கீழிருந்து எட்டிப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, “இப்பத்தான்யா இது வண்டி. யார் கட்டினது? நல்ல கை” என்றார். பெரியவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டியெறிந்தால் எவன் வேலையும் சுத்தமாகத்தான் தெரியும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

வண்டி ஓடியது. சீருடை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனது. ஆனால் முன்னால் நின்று பார்க்கும்போதெல்லாம் அது சிரித்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. ஒரு நாள் அந்தக் கிரில்லைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனின் வண்டியில் போட்டுவிட்டான். சோப்புச் சீவலைக்கூடத் தூக்கிப் போடாதவன்.

தையற்காரி வாசலில் வந்து பார்த்தாள். “பல்லு போன கிழவி மாதிரி இருக்கு” என்றாள். பிறகு, “ஒரு முழ வயரை வெட்ட மனசு வராது. கூடப் பொறந்தவனை வெட்ட மட்டும் எப்படிங்க கை வந்துச்சு?” என்றாள்.

“அவன்தான் போனான்.”

“போகச் சொல்லிட்டுப் போனான்னு சொன்னா எப்படி? அவன் திறந்து பாருன்னானாமே. திறந்தீங்களா?”

“தேவையில்ல.”

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க அவளுக்கும் தெரியும். மெஷினைப் பிரித்து எண்ணெய் போடுகிறவள்தானே. ஆனால் அவன் வேலைக்குள் தலையிட வேண்டாம் என்று அவளும் விட்டுவிட்டாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்து மருகினாள்.

வருஷங்கள் போயின. சின்னவனுக்குக் கல்யாணம் ஆனது. போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வந்தார்கள். நல்லது கெட்டதில் பார்த்தால் “வாங்க”, “போயிட்டு வாங்க” என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். வண்டியோ ஒரு நாளும் தொல்லை கொடுக்கவில்லை. மழையிலும் குழியிலும் போட்டு அடித்தும் ஒரு விளக்கு மினுக்கியதில்லை, ஒரு ஃபியூஸ் போனதில்லை. கோளாறு வந்திருந்தால் என்றைக்கோ திறந்திருப்பான். தம்பியின் கை அப்படி இருந்ததால்தான் அண்ணன் அதைப் பார்க்காமலே இருக்க முடிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது!

கடைசியில் ஹாரன் ஊமையானது. ஃபியூஸைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஹாரனைக் கழற்றி நேராகப் பேட்டரியில் தொட்டான், கத்தியது. அப்படியென்றால் நடுவில் வயரில்தான் கோளாறு. நடுவென்றால் அந்தப் பலகைக்குப் பின்னால். லிஃப்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டிருந்தான். முட்டி மடங்க மறுத்தது. காலை வெளியே நீட்டி, முதுகைச் சரித்து, முனகிக்கொண்டே உள்ளே படுத்தான். துருப்பிடித்த ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டு வந்தன. பலகை கையோடு இறங்கியது.

வயர் வெட்டப்படவே இல்லை.

ஒரு வயரில் ஒரு விரல் நீளம்கூடக் குறையவில்லை. அவன் விட்டுவைத்த அத்தனையும் அங்கேயே இருந்தது. மிச்சத்தையெல்லாம் தையற்காரி துணியை மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடித்து, நிறம் நிறமாகச் சேர்த்துத் தம்பி கட்டியிருந்தான். எதைக்கொண்டு கட்டியிருக்கிறான் என்று பெரியவன் பார்த்தான். தன் பெட்டியில் கிடந்த பழைய வயர்த் துண்டுகளால். அதே சுருளில் மிஞ்சிய அதே சிவப்பு, அதே நீலம். அவற்றைக் கயிறு போல நறுக்கி முறுக்கி, முனை குத்தாமல் மேலே டேப் சுற்றியிருந்தான். தரையில் அன்று சிதறிக் கிடந்தவை அந்தக் கயிற்றின் நறுக்குகள்.

கண்ணால் கண்டதும் பொய் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். தன் கண்ணைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

இன்னும் உற்றுப் பார்த்தான். கட்டுகள் எதுவும் தொங்கவில்லை. ஸ்டீயரிங் தண்டு சுழலும் பக்கத்தை விட்டு எட்ட, உடம்போடு சின்னச் சின்னக் கொக்கிகள் வெல்டிங் செய்து அவற்றில் உட்காரவைத்திருந்தது. தகர முனையைத் தாண்டும் இடத்திலெல்லாம் தோட்டத்து ரப்பர்க் குழாயைக் கிழித்து வயருக்குச் சட்டைபோல மாட்டியிருந்தது. சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் இறுக்காமல் கொஞ்சம் தளர்வு விட்டிருந்தது. பேட்டரிக்குப் போகிற தடித்த வயரும் இரண்டு மடிப்பாக, முழு நீளத்தோடு. அண்ணன் என்றைக்காவது மனம் மாறிப் பேட்டரியைப் பின்னால் வைத்தால் எட்ட வேண்டுமே!

ஹாரன் வயரின் கோளாறும் தெரிந்தது. பெரியவன் ஆதியில் தன் கையால் முறுக்கிப் போட்ட இணைப்பு, கட்டின் நடுவில் பச்சை பூத்திருந்தது. கட்டை அவிழ்த்தால் போதும், நொடி வேலை. கை போனது. விரல் டேப்பின் மேல் நின்றது. அவிழ்க்காமலே கையை எடுத்துவிட்டான்.

வெகு நேரமாக வெளியே நீட்டிய கால் அசையாததைப் பார்த்துத் தையற்காரி ஓடி வந்தாள். “ஏங்க! என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல. நீயே பாரு.”

அவள் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மடிப்பின் அருமை தெரிந்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதை ஏங்க அவன் வாயைத் திறந்து சொல்லல?”

“சொன்னான்டி. ரெண்டு தடவை சொன்னான்.”

மறுநாள் காலையில் ஹாரன் இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனான். பட்டறை வாசலில் பாதி முடிந்த கேட்டுகள் சாய்ந்து நின்றன. சின்னவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். தலை நரைத்து, அச்சு அசலாக அப்பாவைப் போலவே ஆகியிருந்தான்.

“வாங்க. உக்காருங்க. அண்ணி சௌக்கியமா?”

“நல்லா இருக்கா. டேய்... நேத்து அந்தப் பலகையைத் திறந்தேன்டா.”

சின்னவன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். “ஓ” என்றான்.

“நீ வெட்டவே இல்ல.”

“ஆமா.”

“நான் பாக்காம பேசிட்டேன். வீட்டைப் பத்தியும்...”

“அது கிடக்கட்டும். பழைய கதை.” எழுந்து டீ வாங்கிவரச் சொல்லப் போனவன் நின்றான். “கொஞ்ச நாள் எதிர்பாத்தேன். இன்னைக்குத் திறப்பீங்க, நாளைக்குத் திறப்பீங்கன்னு. தெருவுல ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து வந்து பாப்பேன். அப்புறம் விட்டுட்டேன்.”

வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தான். தான் ஒட்டிய இடங்களை உள்ளங்கையால் தடவினான். முன்னால் வந்ததும் கை வெறும் ஓட்டையில் நின்றது.

“கிரில் எங்க?”

பெரியவனுக்குப் பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

சின்னவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அதற்கு ஒரு வசவு வந்திருந்தால் பெரியவன் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான்.

“இன்னொண்ணு பண்ணித் தாயேன்டா.”

“அது ஆசைக்குப் பண்ணது. இப்ப நான் ஆர்டருக்குத்தான் பண்றேன். அளவு குடுத்துட்டுப் போங்க, பண்ணி வைக்கறேன்.” பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து அண்ணனின் கையில் கொடுத்தான்.

பெரியவன் மண்டியிட்டு வண்டியின் வாயை அளந்தான். சுண்ணக்கட்டியால் கேட்டின் மேல் எழுதப் போனவன் பழக்கத்தில், “ஒரு விரல் கூட வெச்சு எழுதட்டுமா?” என்று கேட்டுவிட்டான்.

“வேண்டாம். சரியா எழுதுங்க. கூட இருந்தா அப்புறம் நான் வெட்டணும்.”

சின்னவன் அதைக் குத்தலாகச் சொன்னானா, வேலையோடு வேலையாகச் சொன்னானா என்று பெரியவனுக்குப் பிடிபடவில்லை. டீ வந்தது. அடியில் ஒரு வாய்கூட விடாமல் குடித்தான். கிளம்பும்போது ஹாரன் விஷயத்தைச் சொன்னான். கட்டுக்கு நடுவில் கோளாறு, அவிழ்க்கக் கை வரவில்லை, நீயே வந்து அவிழ் என்றான்.

“உங்க வண்டி. நீங்களே அவிழுங்க” என்றான் சின்னவன். கோபம் இல்லை குரலில். கோபம் இருந்தால்தான் தேவலையே. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, “ஹாரன் இல்லாத வண்டி. பாத்துப் போங்க” என்றான்.

திரும்பும் வழி முழுக்கத் தெருக்கள் நெரிசலாக இருந்தன. முக்குக்கு முக்கு வண்டியை ஊரவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, “ஓரம்! ஓரம்மா! கொஞ்சம் ஓரம்!” என்று கத்திக்கொண்டே வந்தான். ஜனங்கள் விலகிச் சிரித்தார்கள். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

இப்போதும் அப்படித்தான். வாரம் ஒரு தடவை, கிரில் தயாரா என்று கேட்கிற சாக்கில் போகிறான். “இந்த வாரம் வேலை அதிகம்” என்கிறான் சின்னவன். கேட்டில் எழுதிய சுண்ணாம்பு அளவு மங்கும்போது மட்டும் அதன் மேலேயே மறுபடி எழுதி வைத்துவிடுகிறான். பெரியவன் டீயைக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியை இறக்குகிறான். வயர்க்கட்டு அவன் முழங்காலுக்கு மேலே, தம்பி கட்டியபடியே இருக்கிறது.